கிழிக்க வராத ஐப்பசித் தாள்

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். ரேவதி போன் செய்தாள். சிவகாசியில் நான் நாற்பது வருஷம் வேலை பார்த்த காலண்டர் அச்சகத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அக்கா, சாப்பிட்டீகளா? ஒரு சந்தேகம் கேக்கணும். கடற்கரை ஊரு ஆர்டர் ஒண்ணு வருஷா வருஷம் வருதுல்ல, அட்டையில கப்பல் படம் போட்டு, முந்நூறு பீஸ்? அதோட ஜாப் கார்டுல 'ஐப்பசித் தாளை மட்டும் மைதாப் பசை போட்டு ஒட்டவும்'னு எழுதியிருக்கு. எதுக்குன்னு இங்கன யாருக்குமே தெரியல. புது மேனேஜரு இது வெட்டி வேலை, எடுத்துருங்கன்னு சொல்றாரு. எடுத்துரலாமாக்கா?"

"ஏட்டி, அதுல கை வச்சிராத!"

நான் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்த பூனை துள்ளி ஓடியது. ரேவதி பயந்துபோய், "சரிக்கா, சரிக்கா" என்றாள். காரணத்தைக் கேட்டாள். போனில் சொல்லி முடிகிற காரணம் இல்லை. தவிர, அதில் என் தப்பு ஒன்று இருக்கிறது. அதை எழுதித்தான் தரவேண்டும் என்று தோன்றியது. எழுதியிருக்கிறேன்.

நான் ஆமத்தூர்க்காரி. பன்னிரண்டாவது முடித்த கையோடு சிவகாசி பஸ் ஏறினேன். முதலில் பைண்டிங்கில் தாள் அடுக்கப் போட்டார்கள். அடுக்கிக்கொண்டே தாளில் இருப்பதையெல்லாம் படித்து, "இந்த வெள்ளிக்கிழமைக்கு ராகு காலம் தப்பா இருக்கு" என்று ஒருநாள் கத்தினேன். பார்த்தால் தப்புதான். மறுநாளே என்னை புரூப் பார்க்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் கடைசிவரை அந்த அறைதான்.

தினசரி காலண்டரில் புரூப் பார்ப்பது லேசான வேலை இல்லை. ஒரு தப்பு விழுந்தால் எங்கேயோ ஒருத்தர் அதை நம்பி மண்டபம் பேசிவிடுவார். ஆகவே இரண்டு பேராக உட்கார்ந்து பார்ப்போம். ஒருத்தர் மூலத்தை வாய்விட்டு வாசிப்பார், இன்னொருத்தர் அச்சுத் தாளில் விரல் வைத்துக்கொண்டே போவார். "அஷ்டமி, கமா, பின்னிரவு, புள்ளி" என்று புள்ளி கமாவைக்கூட விடாமல் வாசிக்க வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்து மாதிரிக் காலண்டர் ஆல்பம் வெளியே வந்துவிட்டால் சீசன் ஆரம்பம். அதிலிருந்து மார்கழிவரை லீவு கேட்டால் முறைப்பார்கள். வேளைக்கு ஒரு தொண்டைக்கட்டு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டுதான் வாசிப்போம்.

வந்த புதிதில் நான் கோட்டைவிட்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வந்த வினைக்கு அதுதான் விதை. சாத்தூர்ப் பக்கம் ஒரு கோயில் கமிட்டிக்காரர்கள் நன்கொடை கொடுத்தவர்கள் பேரையெல்லாம் அட்டையில் போடச் சொல்லியிருந்தார்கள். அதில் ஒருத்தர் பேர் இரண்டு தடவை வந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. காலண்டர் போய்ச் சேர்ந்த மறுநாள் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். "அவரு மட்டும் என்ன ரெண்டு தலையோட பெறந்தவரா?" என்று ஒரு பெரியவர் மேசையைத் தட்டிய தட்டில் என் பேனா உருண்டு கீழே விழுந்தது. அத்தனையும் திரும்பி வந்தது. அன்றிலிருந்து, எந்தப் பட்டியலிலும் ஒரே பேர் இரண்டு தடவை வந்தால் என் கண் தானாக அங்கே போய் நிற்கும். "சந்திரா கண்ணுக்கு ரெட்டைப் பேரு தப்பாது" என்று கம்பெனியில் சொல்வார்கள். எனக்கும் அதில் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

எங்கள் செக்ஷனுக்குத் தலைவர் அற்புதராஜ் சார். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் அதே வெள்ளைச் சட்டையைத்தான் ஆறு நாளும் போட்டு வருவார். என்னைவிட எவ்வளவோ மூத்தவர், ஆனாலும் யாரையும் 'நீ' என்று சொல்லிக் கேட்டதில்லை. திட்டவும் தெரியாது. யாராவது தப்பு செய்தால் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் மெதுவாகத் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை எதிரே நிற்க வேண்டும். நாலு அறை வாங்கியிருந்தால்கூட அதைவிடத் தேவலாம்.

அவர் போட்ட சட்டம் இரண்டு. கஸ்டமர் எழுதிக் கொடுத்த விஷயத்தில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுக் கேட்கவேண்டும், நாமாக வெட்டக்கூடாது. இது ஒன்று. எந்த வேலையில் பட்டியல் வந்தாலும், வாங்கும்போதே எண்ணி, உறையின் மூலையில் அந்த எண்ணை மட்டும் பென்சிலால் எழுதி வைக்கவேண்டும். அது அவரே செய்வார். வாசிப்பதற்கு முன்னால் எண்ணுவார். "இது என்ன சார், கோழிக்குஞ்சு எண்ணுற மாதிரி" என்று நான் கேலி செய்வேன். "இருக்கட்டும்மா" என்பார், அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருஷம் முன்னால், ஒரு சீசன் ஆரம்பத்தில் சூசை அண்ணாச்சி வந்தார். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கறுத்த மரத்துண்டு. அதை என் மேசைமேல் வைத்தார். கல்போலக் கனத்தது. உப்பு வாசம் அடித்தது.

அவர் சொன்னது இதுதான். பல தலைமுறைக்கு முன்னால், முத்து வியாபாரம் யாருக்கு என்று இரண்டு அந்நிய நாட்டுக்காரர்கள் அவர்கள் ஊருக்கு நேரே கடலில் பீரங்கி வைத்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒரு கப்பல் அங்கேயே மூழ்கிவிட்டது. இன்றைக்கும் அந்த இடத்தை ஊரில் கப்பல் பார் என்றுதான் சொல்கிறார்கள், கடலடிப் பாறையைப் பார் என்பது அவர்கள் வழக்கம். வலை விழுந்தால் கிழியும். சிலநேரம் இப்படி மரத்துண்டும் துருப்பிடித்த ஆணியும் ஏறி வரும். அந்தக் கப்பலில் வேலைக்கென்று பிடித்துப்போன அவர்கள் ஊர் ஆட்கள் இருபத்தேழு பேரும் சேர்ந்து மூழ்கிப்போனார்கள். தளபதிகள் பேர் புத்தகத்தில் இருக்கிறது. இவர்கள் பேர் ஊர் வாயில் மட்டும்தான் இருக்கிறது. ஐப்பசியில் ஒருநாள் கடற்கரையில் நின்று வரிசையாகப் பேர் சொல்லி ஜெபம் செய்வார்களாம்.

"கரையில ஒரு கல்லு நடணும்னு ஆறு வருஷமா மனு குடுக்கோம். அந்த ஆபீஸ்ல இந்த ஆபீஸுங்கான், இந்த ஆபீஸ்ல அந்த ஆபீஸுங்கான். கல்லு நடத்தானே அனுமதி வேணும்? காலண்டர் அடிக்க எவன் அனுமதி வேணும்? வீட்டுக்கு ஒண்ணு. அந்தத் தேதித் தாளுல இருபத்தேழு பேரும் இருக்கணும். அம்புட்டுத்தான் எங்க ஆசை" என்றார்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் தினசரி காலண்டரில் அட்டைதான் ஆளுக்கு ஆள் மாறும். தேதித் தாள்கள் லட்சக்கணக்கில் பொதுவாக அடித்து வைப்போம். ஒரே ஒரு தேதியை மட்டும் மாற்றவேண்டுமென்றால், கட்டுக் கட்டாகப் பிரித்து, பொதுத் தாளை உருவிவிட்டு, தனித் தாளைச் செருகவேண்டும். முந்நூறு பீஸுக்கு யார் செய்வார்கள்? முதலாளி உதட்டைப் பிதுக்கினார். அற்புதராஜ் சார்தான் அந்த மரத்துண்டைக் கொஞ்சநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "செஞ்சு குடுப்போம்" என்று முதலாளியிடம் சொன்னார்.

பிறகு சூசை அண்ணாச்சியிடம் ஒரு சந்தேகம் கேட்டார். "அந்தத் தேதி வர்ற வருஷம் சுபமுகூர்த்த நாளா இருக்கு. துக்க நாளாச்சே, அதை எடுத்துரவா?"

"இருக்கட்டும் சார். அன்னைக்கு எங்க ஊருல கல்யாணம் வைக்கிற அளவுக்குத் தைரியசாலி எவனும் இன்னும் பெறக்கல."

சார் சிரித்துக்கொண்டே பட்டியலை வாங்கி, எண்ணி, உறை மூலையில் 27 என்று எழுதினார்.

தாள் புரூப்புக்கு வந்த வாரம் சார் இல்லை. மதுரையில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். கூட வாசிக்க வேண்டிய பெண்ணும் வரவில்லை. மேசையில் கழுத்துவரை வேலை. சீசன் உச்சத்தில் ஆளில்லாவிட்டால் தனியாகவே வாசித்துத் தனியாகவே பார்ப்போம். கூடாதுதான், ஆனால் செய்வோம். அன்று காலையில்தான் ஒரு நகைக்கடை விளம்பரத்தில் ஒரே கிளை இரண்டு தடவை வந்ததைக் கண்டுபிடித்து, எனக்கு நானே ஷொட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்து எடுத்தது சூசை அண்ணாச்சியின் தாள்.

மேலே தேதி, ஒரு சின்னக் கப்பல், கீழே ஒன்பது ஒன்பதாக மூன்று வரிசையில் பேர்கள். ஐந்தாவது பேர் அந்தோணி மிக்கேல். மூன்றாவது வரிசையின் தலையில், பத்தொன்பதாவது பேரும் அந்தோணி மிக்கேல். "ஆகா, வந்துட்டாருய்யா ரெட்டைப் பேரு" என்று வாயாலேயே சொன்னேன். கையால் எழுதிய பட்டியல், பெரியவர் மறந்து இரண்டு தடவை எழுதிவிட்டார் என்று நானே முடிவு கட்டினேன். கேள்விக்குறி போடவில்லை. சிவப்புப் பேனாவால் ஒரே கோடு.

ஒரு பேர் போனதும் கடைசி வரிசையில் அடியில் ஓர் இடம் காலியாகத் தெரிந்தது. "மொட்டையா இருக்கு, அங்கன ஒரு பூ வை" என்று கம்ப்யூட்டரில் இருந்தவரிடம் சொன்னேன். அழகாக ஒரு தாமரை வைத்தார்.

சூசை அண்ணாச்சிக்கு வாட்ஸப்பில் அனுப்பினோம். கட்டைவிரலைக் காட்டி ஓகே என்று பதில் வந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், கஸ்டமர் பார்ப்பது படத்தையும் போன் நம்பரையும்தான். இருந்தாலும் ஓகே வந்துவிட்டால் நம் தலை தப்பியது என்று நினைத்துக்கொள்வோம். அச்சானது, வெட்டி, செருகி, மேலே தகரப் பட்டை அடித்து, கட்டி, லாரி ஆபீசுக்கும் போயாகிவிட்டது.

அன்று சனிக்கிழமை. காலையில்தான் அற்புதராஜ் சார் வேலைக்குத் திரும்பியிருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், பத்து நாளைக்குப் படிக்கக்கூடாது. "படிக்கக்கூடாதுன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே சார்" என்றேன். "வீட்டுல இருந்தா படிச்சுருவேன்மா" என்றார். முடிந்த வேலைகளின் உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மூலையில் இருக்கும் எண் என்னவென்று என்னிடம் கேட்டு, பட்டியலை வாசிக்கச் சொன்னார். நான் வாசிக்க வாசிக்க, பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினார். ஒரு கைக்குப் பன்னிரண்டு.

கப்பல் தாளை வாசித்தேன். பலசரக்குச் சிட்டை வாசிப்பதுபோல் கடகடவென்று வாசித்தேன். வலது கை முடிந்தது, இடது கை முடிந்தது, மறுபடி வலது கைச் சுண்டுவிரலில் இரண்டாவது கணுவில் அவர் பெருவிரல் நின்றுவிட்டது.

"மேல வாசிங்கம்மா."

"அவ்வளவுதான் சார்."

"உறையில என்ன போட்டிருக்கு?"

"இருபத்தேழு."

"ஒருத்தரு எங்கம்மா போனாரு?"

கண்ணாடியைக் கழற்ற முடியாது, டாக்டர் விடமாட்டார். ஆகவே அவர் துடைக்கவில்லை, என்னைப் பார்த்தபடி இருந்தார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் சுபாவம் அது. "ரெட்டைப் பேரு சார், எடுத்துட்டேன். கஸ்டமரே ஓகே பண்ணிட்டாரு!" என்று குரலை உயர்த்தினேன். சார் போனை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சூசை அண்ணாச்சியிடம் கேட்டேன். "அண்ணாச்சி, உங்க பட்டியல்ல அந்தோணி மிக்கேல் ரெண்டு தடவை வருதே, ஒரே ஆளுதானே?" அவர் ஆமாம் என்று சொல்லிவிடவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஏம்மா, அதை எடுத்துட்டீகளா?"

"எடுத்துட்டேன் அண்ணாச்சி."

"ரெண்டு பேரும்மா அவுக. ஒருத்தர் சுக்கான் பிடிச்சவரு. இன்னொருத்தர் முத்துக் குளிக்கிறவரு. மொத ஆளு வகையறா இன்னைக்கு விசைப்படகு வச்சிருக்கிற பெரிய வீடு. ரெண்டாவது ஆளுக்கு ரோசம்மான்னு ஒருத்திதான் மிச்சம், கூடையில மீன் விக்கிறவ. நாங்க பேரு சொல்லும்போது ஒவ்வொரு பேருக்கும் அந்த வீட்டு ஆளு 'இருக்கோம்'னு பதில் சொல்லணும். ரெண்டாவது மிக்கேல் வரும்போது, 'அதான் ஏற்கெனவே சொல்லியாச்சே'ன்னு நாலு பேரு சிரிப்பான். ஒரே ஆளைத்தான் ரெண்டா எண்ணுறோம்னு பெரிய வீட்டுக்காரங்க சாதிக்காங்க. ஊர்க்கூட்டம் போட்டு, சண்டை போட்டு, இந்தத் தடவை ரெண்டு பேரும் அச்சுல வரணும்னு முடிவு பண்ணோம். இப்ப ஒண்ணுதான் வந்திருக்குன்னா, பாத்தியா, அச்சே சொல்லிருச்சுன்னுருவான். அதோட முடிஞ்சு போச்சும்மா அவ கதை."

"யாரு யாருன்னு பட்டியல்ல ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே அண்ணாச்சி" என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

"பேரு மட்டும்தான் போடணும்னு கூட்டத்துல பேச்சு. நானும் படத்தைப் பாத்துட்டு ஓகே போட்டுட்டேன். கண்ணு தெரியாத கழுதை நான்."

அவர் தன்னைத் திட்டிக்கொண்டது என்னை இன்னும் கொன்றது. எத்தனையோ தலைமுறையாக ஒரு ஆளை வாயில் வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள், நான் ஒரு கோட்டில் மறுபடி முக்கிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சார் எழுந்து முதலாளி அறைக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். "நம்ம செக்ஷன்ல ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றுதான் ஆரம்பித்தார். என் பேர் அவர் வாயில் கடைசிவரை வரவில்லை. "அடுத்த வருஷம் சரியாப் போட்டுக் குடுத்துருவோம் சார், இந்த வருஷம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க" என்றார் முதலாளி.

"ஒரு வருஷம் சுவத்துல தொங்குச்சுன்னா அதுதான் உண்மைன்னு ஆயிரும்" என்றார் சார். அவ்வளவு அழுத்திப் பேசி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டு, "லாரி மூணு மணிக்குக் கிளம்பும், ஓடுங்க" என்றார்.

ஓடினேன். லாரி ஆபீசில் எங்கள் கட்டுகள் அடியிலேயே கிடந்தன. மேலே நோட்டுப் புத்தக லோடு. "அம்புட்டையும் இறக்கணும்க்கா, வெளாடுதீகளா?" என்றார் லோடு ஏற்றுகிறவர். நான் நடந்ததைச் சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை. அவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, "செத்தவுக பேருங்கிறீக, பெறகு என்ன செய்ய" என்று மேலே ஏறினார். கூடவே திட்டிக்கொண்டேதான் இறக்கினார், ஆனாலும் இறக்கினார்.

கட்டு வந்துவிட்டது, சரி. தகரப் பட்டை அடித்த காலண்டரில் நடுவிலிருக்கும் ஒரு தாளை எப்படி மாற்றுவது? பட்டையைப் பிரித்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும். பைண்டிங்கில் பேச்சியம்மா என்று ஒரு கெட்டிக்காரி. ஏழாயிரம்பண்ணைக்காரி. ஒரு காலண்டரை எடுத்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு வழி சொன்னாள். தப்பான தாளைக் கிழித்துவிட்டால் பட்டைக்கு அடியில் விரற்கடை அளவுக்கு அடித்துண்டு நிற்கும். புதுத் தாளை அதன்மேல் ஒட்டிவிடலாம்.

"நம்ம பசை காஞ்சா பொரிஞ்சு உதிரும். எங்க அக்கா பட்டாசு ஆபீஸ்ல குழாய் ஒட்டுறா. அவுக பசையக் காய்ச்சுவோம். மைதாவுல மயில்துத்தம் போட்டது. பூச்சியும் அரிக்காது, வெடி வெடிச்சாலும் விடாது" என்றாள்.

சாயங்காலத்துக்குள் புதுத் தாள் அடித்தாகிவிட்டது. இந்தத் தடவை நான் வாசிக்க, சார் கண்ணை மூடிக்கொண்டு மூன்று தரம் எண்ணினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குப் பதினோரு பெண்கள் வந்தார்கள். முற்றத்தில் அடுப்பு வைத்துப் பேச்சியம்மா பசை காய்ச்சினாள், இளநீல நிறத்தில் கொதித்தது. ஒருத்தி கிழிக்க, ஒருத்தி பசை தடவ, ஒருத்தி தாளை நேராக வைத்து அழுத்த, நான் கடைசியில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் பத்தொன்பதாவது பேர்மேல் விரலை வைத்துப் பார்த்து அனுப்பினேன். சர்ச் முடிந்து சாரும் நேரே வந்துவிட்டார். ஒட்டிய காலண்டர்மேல் கல் தூக்கி வைக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

"ஏக்கா, ஒரு பேரை வெட்டிட்டு முந்நூறு தடவை ஒட்ட வைக்கியே, உன்னைய எந்தச் சாமி பிடிச்சு ஆட்டுது?" என்றாள் பேச்சியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. மூன்று மணிக்கு முந்நூறாவது காலண்டர் முடிந்தது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். முதல் நாள் காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது அப்போதுதான் இறங்கியது. திங்கட்கிழமை லாரியில் எல்லாம் போய்ச் சேர்ந்தது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த ஆடியில் சூசை அண்ணாச்சி மறுபடி ஆர்டரோடு வந்தார். "போன வருஷம் மாதிரியே அந்தத் தாளை மட்டும் கிழியாம ஒட்டிக் குடுத்துருங்க. ஊருல எல்லாருக்கும் அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றார்.

நானும் சாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். பேச்சியம்மாவின் பசை அப்படிப் பிடித்திருக்கிறது. மற்ற தாள்போல் இழுத்தால் அது கையோடு வரவில்லை. அவசரத்துக்கு ஒட்டியதை, மரியாதைக்காக நாங்கள் வேண்டுமென்றே செய்ததாக ஊரில் எடுத்துக்கொண்டார்கள். சூசை அண்ணாச்சிக்கு உண்மை தெரியும். அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சார் பேனாவை எடுத்து ஜாப் கார்டில் அந்த வரியை எழுதினார். ரேவதி கேட்ட வரி அதுதான்.

ஓய்வு பெற்ற வருஷம் ஐப்பசியில் நான் அந்த ஊருக்குப் போனேன். தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். தூறிக்கொண்டிருந்தது. கடற்கரையில் ஊரே நின்றது. கல் இன்னும் வரவில்லை, மனு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. வலையில் ஏறிய மரத்துண்டுகளை ஒரு பலகைமேல் வைத்துப் பூப் போட்டிருந்தார்கள். சூசை அண்ணாச்சி காலண்டரையே கையில் பிடித்துக்கொண்டு, அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொரு பேராக வாசித்தார். ஒவ்வொரு பேருக்கும் கூட்டத்தில் எங்கிருந்தாவது "இருக்கோம்" என்று குரல் வந்தது. சில பேருக்குப் பத்துக் குரல், சில பேருக்கு ஒன்று.

பத்தொன்பதுவரை நானும் விரல் கணுவைத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். "அந்தோணி மிக்கேல்" என்றார் இரண்டாவது தடவை.

"இருக்கோம்."

எனக்குப் பக்கவாட்டில் நின்ற ஒரு பெண். ஒல்லியான உடம்பு, சத்தம் மட்டும் கணீரென்று இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அடுத்த பேருக்குப் போய்விட்டார்கள்.

ரோசம்மாள் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய் டீ கொடுத்தாள். சுவரில் காலண்டர். ஐப்பசித் தாள் வந்தால் மறுநாள் அதைக் கிழிக்க மாட்டார்களாம். மேலே மடித்து ஒரு துணிக் கிளிப் போட்டுவிட்டு அடுத்த தேதியைப் பார்ப்பார்களாம். போன வருஷத்து, அதற்கு முந்தின வருஷத்துக் காலண்டர்களையும் அவள் ஆணியிலிருந்து எடுக்கவில்லை. எல்லாவற்றிலும் அந்த ஒரு தாள் மட்டும் நின்றது.

"கம்பெனிக்காரங்க எம்புட்டு யோசிச்சுச் செஞ்சிருக்கீக! மத்த நாளெல்லாம் கிழிஞ்சு போயிருது, எங்க ஆளு மட்டும் போக மாட்டேங்காரு" என்றாள்.

டீயைக் கீழே வைத்தேன். சொல்லாமல் பஸ் ஏறியிருக்கலாம், அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவளா நான்? எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புக் கோடு, தாமரைப் பூ, லாரி, பசை, எல்லாம். "உங்க ஆளை வெட்டுனதே நான்தான் ரோசம்மா" என்றேன்.

அவள் தன் காலி டம்ளரைக் கையில் உருட்டினாள். எழுந்து அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

"லாரியில போனவரை இறக்கிக் கொண்டாந்துட்டீகள்லக்கா. இந்தக் கடலு இன்னும் தரலையே" என்றாள். பிறகு, "டீ ஆறுது, குடிங்க" என்றாள். குடித்தேன். அவ்வளவு ருசியான டீயை அதற்கு முன்னாலும் குடித்ததில்லை, பின்னாலும் குடித்ததில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் சாத்தூர்வரை அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன்.

இதை எழுதி முடித்துவிட்டு நேற்று ரேவதியைக் கூப்பிட்டேன். பசை வரி அப்படியே இருக்கட்டும், மேனேஜரிடம் இந்தக் கட்டுரையைக் காட்டு, மைதாவைக் கொஞ்சம் கெட்டியாகவே காய்ச்சச் சொல் என்றேன். இந்த வருஷத்துத் தாள் அடித்தாயிற்றா என்று கேட்டேன். அடித்தாயிற்று, மேசையில்தான் இருக்கிறது என்றாள்.

"வாசிக்காத. எண்ணிட்டுச் சொல்லு" என்றேன்.

போனைக் கீழே வைத்துவிட்டு அவள் எண்ணுவது கேட்டது. எங்கேயோ தூரத்தில் பட்டாசு சாம்பிள் போட்டுப் பார்க்கும் சத்தமும் கேட்டது. நான் காத்திருந்தேன்.

"அக்கா" என்று திரும்ப வந்தாள். "இருபத்தேழு பேரும் இருக்காக."